பிரிஜெட் வீட்டுப் பிடி அரிசி

ஊரார் கணக்கில் அது வெறும் மில் ஸ்டிரைக். மர்பி டவுனில் அந்த ஒரு தெருவுக்கு மட்டும் அது புரட்சி. நடந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. மில்லைப் பூட்டி, இடித்து, அந்த இடத்தில் நீச்சல் குளத்தோடு அபார்ட்மென்ட் கட்டிவிட்டார்கள். ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஆனால் வருஷத்துக்கு ஒரு நாள் பொதுக் கஞ்சி காய்ச்சுவதை மட்டும் அந்தத் தெரு விட்டதில்லை.

ஸ்டிரைக்கின்போது வீட்டுக்கு ஒரு பிடி அரிசி வாங்கி, ஒரே அண்டாவில் காய்ச்சித்தான் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். இன்றும் அதே முறைதான். கஞ்சி வெந்ததும், அன்று மில் கேட்டுக்கு வெளியே நின்றவர்களின் பேரைப் பெரியவர் ஜெயராஜ் ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். மில்லில் காலையில் பேர் கூப்பிடுவார்களே, அந்த மாதிரி. ஆள் செத்து மண்ணாகியிருந்தாலும் தெருவே சேர்ந்து “ஆஜர்!” என்று கத்தும். அதற்கப்புறம்தான் அந்த வீட்டுப் பாத்திரத்தில் கஞ்சி விழும்.

ஒரே ஒரு வீட்டில் மட்டும் அரிசி வாங்குவதில்லை. அது பிரிஜெட்டின் வீடு.

அவள் அப்பா செபாஸ்டியன் ஸ்டிரைக்குக்கு நடுவில் கேட்டைத் தாண்டி வேலைக்குப் போனவர். கருங்காலி. வீட்டில் நோய், நொடி என்று ஏதாவது காரணம் சொல்லி வைத்திருக்கலாம். பிரிஜெட் சொன்னதில்லை. “எங்கப்பா பயந்துட்டாரு, அவ்ளோதான்” என்பாள். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். இங்கே தின்றவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் குடித்துக்கொண்டிருக்கிறாள்.

தெரு அவளை ஒதுக்கி வைத்துவிட்டது என்று நினைத்தால் அதுவும் தப்பு. பெண்கள் அத்தனை பேருக்கும் அவள்தான் ரவிக்கை தைக்கிறாள். யார் வீட்டில் சாவென்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பாள். கிறிஸ்துமஸுக்கு அவள் கேக் போகாத வீடில்லை, பொங்கலுக்கு அவளுக்குப் பொங்கல் வராத வீடில்லை. இந்த ஒரு நாள் மட்டும் அது கருங்காலி வீடு. என்ன நியாயமோ, கர்த்தருக்கே வெளிச்சம்!

இருந்தும் வருஷா வருஷம் அன்று காலையில் தையல் மெஷின் மேல் ஒரு கிண்ணத்தில் அரிசி எடுத்து வைப்பாள். அவள் அம்மா பண்ணியது, இவளும் பண்ணுகிறாள். அரிசி வாங்க வரும் பை அவள் வாசலைத் தாண்டிப் போகும். மத்தியானம் அரிசியைத் திரும்ப டின்னில் கொட்டுவாள்.

இந்த வருஷம் பை நின்றது.

“ஆன்ட்டி, அரிசி கொடி!” என்று பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகக் கேட்டுவிட்டு வாசலில் சிரித்துக்கொண்டிருந்தாள் அதிதி. உஷாவின் புது மருமகள், சிவமொக்காப் பெண். கஞ்சிப் பொறுப்பு உஷாவுடையது. எல்லார் வீட்டிலும் வாங்கி வா என்று மருமகளை அனுப்பியிருக்கிறாள். எல்லார் என்றால் ஒரு வீடு நீங்கலாக என்பது அந்தத் தெருக் குழந்தைக்கும் தெரியும். அதிதிக்கு யார் சொன்னார்கள்? அவளுக்கு எல்லார் என்றால் எல்லாரும்தான்.

பிரிஜெட்டின் கை தானாகக் கிண்ணத்தைப் பையில் கவிழ்த்தது.

அந்தச் சந்தோஷம் டீ ஆறும்வரைகூட நிற்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் இத்தனை வருஷம் அவள் ஆசைப்பட்டது, தெரிந்தவர்கள் தெரிந்தே வந்து கேட்க வேண்டும் என்று. தெரியாதவள் கேட்டு வாங்கிப் போனதில் என்ன இருக்கிறது? சொன்னால் இருக்கிற உறவும் போய்விடலாம். இருந்தும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

தெரு முனையில் கஞ்சி தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. உஷா துடுப்பால் துழாவிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

“உஷா, எங்க வீட்டு அரிசியும் இதுல இருக்குடி” என்றாள் பிரிஜெட். “பாவம், உன் மருமக தெரியாம கேட்டுச்சு. நான் தெரிஞ்சேதான் போட்டேன்.”

துடுப்பு நின்றது. அதிதி மாமியார் முகத்தையும் பிரிஜெட் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஒருத்தி அவள் காதில் விஷயத்தைச் சொன்னாள்.

“கீழ கொட்டிட்டு வேற உலை வெச்சிடலாம்” என்றான் சுனில். ஸ்டிரைக் முடிந்து பல வருஷம் கழித்துப் பிறந்தவன். அவனுக்குத்தான் கோபம் அதிகம்.

“இன்னாடா சொன்ன?” ஜெயராஜ் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “கஞ்சியக் கொட்டறதா? இதுக்காக நாங்க ராவெல்லாம் காத்துகினு இருந்தவங்கடா!”

பெரியவர் பிரிஜெட்டைப் பார்த்தார். “செபாஸ்டியன் பேர நான் கூப்பிட முடியாதும்மா. அவன் எங்ககூட நிக்கல.”

“வேணாம் அங்கிள். அவரு நிக்கலதான். கூப்பிட்டா பொய்யாயிடும்.”

“அவர உடுங்க” என்றாள் உஷா. “இவ சும்மா இருந்திருந்தா யாருக்குத் தெரியும்? அவங்கப்பா பயந்தாரு. இவ பயப்படாம வந்து நிக்கிறா.”

“யாரு சொன்னா? கைகாலெல்லாம் நடுங்குதுடி” என்றாள் பிரிஜெட்.

ஜெயராஜ் சிரித்துவிட்டார். “நாங்க மட்டும் இன்னா, அன்னிக்கு போலீஸ் வண்டியப் பாத்து நடுங்காமயா நின்னோம்? நடுங்கிகினேதான் நின்னோம்.”

பேர்கள் ஆரம்பித்தன. ஒவ்வொரு பேருக்கும் ஆஜர், ஒவ்வொரு ஆஜருக்கும் ஒரு கரண்டி. பழைய பேர்கள் முடிந்ததும் பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு மில் கேட்டுக்குக் கேட்கிற குரலில் கூப்பிட்டார்.

“பிரிஜெட்!”

பிரிஜெட் தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஹாஜர்!” என்றாள் அதிதி, கன்னடத்தில் சொல்கிற மாதிரி. இப்போது அவளுக்கு எல்லாம் தெரியும். அடுத்த குரல் உஷாவுடையது. அதற்கப்புறம் தெருவே கத்தியது. சுனில் கடைசியில்தான் வாயைத் திறந்தான், ஆனால் திறந்தான்.

“பாத்திரம் எங்கடி?” என்றாள் உஷா.

பாத்திரமா? இத்தனை வயதில் இந்த நாளில் அவள் பாத்திரம் எடுத்து வந்ததே கிடையாது. வீட்டுக்கு ஓடி, அந்த அரிசிக் கிண்ணத்தையே எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். அழுகையும் சிரிப்புமாக அங்கேயே நின்று ஒரு வாய் குடித்தாள்.

“உப்பு பத்தலடி, உஷா.”

“அடுத்த வருஷம் நீயே வந்து போடு” என்று சொல்லிவிட்டு உஷா இன்னொரு கரண்டி ஊற்றினாள்.