பாஸ்வேர்டு கேட்காத லேப்டாப்

ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் 'ரிப்போர்ட் அக்கா'. ஆபீஸ் பிரவுசரில் தன் சொந்த மெயிலைப் போட்டு நுழைந்து, வேலை பாஸ்வேர்டையும் அதிலேயே சேமித்து வைத்தாள். அது சத்தமில்லாமல், அதே மெயில் போட்டிருந்த வீட்டு லேப்டாப்புக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி கத்தினான். "அக்கா, உன் ஆபீஸ் வெப்சைட்டைச் சும்மா தொட்டேன், பாஸ்வேர்டே கேக்காம யாரோட சுகர் ரிப்போர்ட்டோ வந்து நிக்குது! ஊருக்கே சாவி குடுத்து வெச்சிருக்கியா?"

அவள் லேப்டாப்பைப் பிடுங்கி மூடினாள். வேலை போனாலும் போகட்டும் என்று மறுநாள் மேலாளரிடம் தானே போய்ச் சொன்னாள்.

"சொன்னியே, அதுவே போதும்மா. உடனே பாஸ்வேர்டை மாத்திட்டு, பிரவுசர்ல சேமிச்சு வெச்சதையும் அழிச்சிடு" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "அப்படியே என்னோடதையும் அழிச்சுக் குடேன்."

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "தள்ளி உக்காருங்க சார்" என்றாள்.