கடல்கன்னி சொல்ல மறுத்த வசனம்

"அந்தப் பொண்ணு பேச மாட்டேங்குது மேடம்" என்று ஸ்டூடியோக்காரர் போனில் சொன்னபோது, யாரோடு பேச மாட்டேன் என்கிறாள் என்றுதான் முதலில் கேட்டேன். வீட்டில் ஏதோ சண்டை என்று நினைத்துவிட்டேன்.

"மைக்ல மேடம். கடைசி எபிசோடு பேச மாட்டாளாம். நீங்க எழுதுன வசனம் பிடிக்கலையாம்."

வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழில் வசனம் எழுதுவது என் பிழைப்பு. கதை நம்முடையது அல்ல, படமும் நம்முடையது அல்ல. எவளோ எங்கேயோ வாயசைத்திருப்பாள். அந்த அசைவுக்குள் தமிழைத் திணிக்க வேண்டும். உதடு ஒட்டுகிற இடத்தில் ஒரு ம, ஒரு ப வந்தே ஆக வேண்டும். அவள் வாய் மூடுவதற்குள் நம் வாக்கியமும் முடிந்துவிட வேண்டும். இதில் பிடித்தது பிடிக்காதது என்று பார்க்க எனக்கு ஒருநாளும் நேரம் இருந்ததில்லை.

அந்தத் தொடர், பள்ளியில் படிக்கும் மூன்று பெண்களைப் பற்றியது. உடம்பில் தண்ணீர் பட்டால் மீன் வால் முளைத்துவிடும். மழை வந்தால் ஓடி ஒளிவார்கள், நீச்சல் வகுப்புக்கு மட்டம் போடுவார்கள், நிலா வெளிச்சத்தில் கடலுக்குள் போய் வருவார்கள். மூவரில் மூத்தவளுக்குக் குரல் கொடுத்தவள் சேலையூர்ப் பெண். அப்பா பள்ளி ஆசிரியர். சர்ச்சில் பைபிள் வாசித்துப் பழகிய தெளிவான உச்சரிப்பு. பொத்தேரியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது பேச ஆரம்பித்தவள், இப்போது சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்து நாவலூரில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். தண்ணீருக்குள் பேசும் காட்சி வந்தால் வாயில் கொஞ்சம் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவாள். எத்தனையோ முறை புரையேறி, மைக்கை நனைத்து, ஸ்டூடியோக்காரரிடம் திட்டு வாங்கியிருக்கிறாள்.

அவளுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். "ட்ரெயினிங்ல இருக்கேன் மேடம், ஸாரி" என்று ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது. அடுத்த வார ஞாயிறு ஒளிபரப்பு. இந்தச் சனிக்கிழமையே பதிவு முடிந்தாக வேண்டும். வேறு பெண்ணைப் பேச வைக்கலாம் என்றார் ஸ்டூடியோக்காரர். மூன்று வருடமாக ஒரு குரலில் பேசியவள் கடைசி நாளன்று வேறு குரலில் பேசினால் பார்க்கிற பிள்ளைகள் என்னைச் சும்மா விடுவார்களா? நேரில் போய்க் கேட்டுவிடுவது என்று கிளம்பினேன்.

தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்குப் போவதை யாராவது தண்டனையாகச் சட்டத்தில் சேர்க்கலாம். மேடவாக்கத்தில் பஸ் நின்றது. சோழிங்கநல்லூர் சிக்னலில் இறங்கி வேறு பஸ் மாறினேன். அதுவும் மெட்ரோ ரயிலுக்குத் தோண்டிய பள்ளத்தை ஒட்டி நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி யாரிடமோ "வந்துகினே கீறேன், வந்துகினே கீறேன்" என்று போனில் சொல்லிக்கொண்டே வந்தார். பஸ் ஓர் அடி நகரவில்லை. போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். அவள் கழுத்தில் அடையாள அட்டையோடு அலுவலக வாசலுக்கு வெளியே இருந்த டீக்கடைக்கு வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"இவ்ளோ தூரம் ஏன் மேடம் வந்தீங்க?"

"நீ போனை எடுத்திருந்தா வந்திருக்க மாட்டேன்."

கடைசி எபிசோடில் நடப்பது இதுதான். மூத்தவளுக்கு ஒரு பையனைப் பிடித்திருக்கிறது. கடலா கரையா என்று அவள் முடிவு செய்தாக வேண்டும். கரையைத் தேர்ந்தெடுத்தால் வால் போய்விடும், பிறகு வரவே வராது. அவள் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு இனிமே கடல் வேண்டாம்" என்கிறாள். இசை பொங்குகிறது. முடிந்தது.

"மூணு வருஷமா அவ கடல் கடல்னுதான் மேடம் உயிரை விட்டா" என்றாள் அவள். "முதல் சீசன்ல ஒரு எபிசோடு முழுக்க அதுக்காக அழுதிருக்கேன். தொண்டை கட்டி ரெண்டு நாள் காலேஜ் போகல. இப்ப வந்து ஒரே வரியில வேண்டாமாம். நம்புற மாதிரியா இருக்கு?"

"நாமளா எழுதினோம்? அவங்க எழுதியிருக்காங்க. ஒரிஜினல்ல அப்படித்தான் இருக்கு."

"தமிழ்ல நீங்கதானே எழுதினீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. வெயில் வேறு. "இங்க பாரும்மா, நாம வாயசைவுக்கு வார்த்தை போடறவங்க. கதையைத் திருத்தறவங்க இல்ல" என்றேன்.

அவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "சரி, வாயசைவே பாப்போம். வேண்டாம். வேணும். ரெண்டையும் சொல்லிப் பாருங்க. உதடு ரெண்டுலயும் ஒரே இடத்துலதான் மேடம் ஒட்டுது."

டீக்கடை வாசலில், சாப்பிட வந்த இளைஞர் கூட்டத்துக்கு நடுவில், இரண்டு வார்த்தைகளையும் வாய்க்குள் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். இத்தனை வருடம் தமிழில் வசனம் எழுதிக் குப்பை கொட்டியும் எனக்கு அது தோன்றியதில்லை. அதனால் கோபம் இன்னும் அதிகமாயிற்று.

"கடல் வேணும்னு சொல்லிட்டு அவன் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கரைக்குப் போவாளா? பாக்கறவங்களுக்கு என்ன புரியும்?"

சனிக்கிழமை வருவதாக மட்டும் ஒப்புக்கொண்டாள். திரும்பி வரும்போதும் மேடவாக்கத்தில் பஸ் நின்றது.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டு மாடிதான் ஸ்டூடியோ. பக்கத்திலேயே விமானப்படைத் தளம். பயிற்சி விமானம் கிளம்பினால் பதிவை நிறுத்திவிட்டு எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சனிக்கிழமை காலை அவள் வந்தாள், மைக் முன்னால் நின்றாள், மற்ற எல்லாக் காட்சிகளையும் அழகாகப் பேசினாள். கடைசிக் காட்சி வந்தது. படத்தில் அந்தப் பெண் பையனின் கையைப் பிடித்தாள். நம் பெண் நான் எழுதியதை எழுதியபடியே சொன்னாள்.

"எனக்கு இனிமே கடல் வேண்டாம்."

"ஓகே" என்றார் ஸ்டூடியோக்காரர்.

ஓகே இல்லை. பஸ் கண்டக்டர் ஸ்டாப்பிங் பெயர் சொல்வது போல் இருந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். இந்தத் தடவை உணர்ச்சியை வரவழைத்துச் சொன்னாள், அது அதைவிடப் பொய்யாக இருந்தது. மூன்றாவது தடவை சொல்லப் போனபோது விமானம் கிளம்பிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்து அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவளால் முடியவில்லை, அவ்வளவுதான்.

விமானச் சத்தம் அடங்கியதும், "உன் இஷ்டத்துக்கு ஒரு தடவை சொல்லு. அப்புறம் நான் எழுதினதைச் சொல்லு. எனக்கு வீட்டுக்குப் போகணும்" என்றேன்.

படம் ஓடியது. அந்தப் பெண் பையனின் கையைப் பிடித்தாள், ஒரு கணம் திரும்பிக் கடலைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். நம் பெண் மிகவும் மெதுவாக, "எனக்கு இன்னமும் கடல் வேணும்" என்றாள். சொல்லிவிட்டு, படத்தில் இருப்பவளோடு அவளும் மூச்சை விட்டாள். கடல் வேணும் என்று சொல்லிக்கொண்டே ஒருத்தி கடலை விட்டுப் போனாள். புரியாமல் போவதற்கு அதில் எதுவுமே இல்லை.

அந்தக் காட்சியை அதற்குமுன் எத்தனையோ தடவை போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அவள் கடலைத் திரும்பிப் பார்க்கிறாள் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

ஸ்டூடியோக்காரர் ஹெட்போனைக் கழற்றினார். "இதுவே இருக்கட்டும் மேடம்" என்றார். நானும் தலையாட்டினேன். நான் எழுதியதை அவள் மறுபடி சொல்லவில்லை.

சேனல் ஒருங்கிணைப்பாளர் திங்கட்கிழமை கூப்பிட்டார். மும்பையில் உட்கார்ந்திருக்கும் இளம்பெண், தமிழ் தெரிந்தவர். அதுதான் வினையே. "மேம், லாஸ்ட் லைன்ல மீனிங் அப்படியே ஆப்போசிட்டா இருக்கே?"

"இருக்கும்மா. ஆனா கேட்டுப் பாருங்க, நல்லா இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு மேம். பட் ஒரிஜினல்ல அப்படி இல்லையே. அப்ரூவல் கிடைக்காது. வேண்டாம்னே மாத்திடுங்க."

காலையில் ஆரம்பித்து மாலை வரை போனில் மன்றாடினேன். நல்லா இருக்கு, ஆனால் முடியாது, நல்லா இருக்கு, ஆனால் முடியாது. கடைசியில் நானே அலுத்துப்போய், சரி மாற்றித் தருகிறோம் என்றேன். ஆனால் நம் பெண்ணுக்கு அந்த வாரம் முழுக்க வேலைப் பயிற்சித் தேர்வு. நிறுவனத்தை விட்டு வெளியே வர முடியாது. போனில் பதிவு செய்து அனுப்பினால் குரல் ஒட்டாது. முதலில் அவள் வேண்டாம் என்று சொன்ன டேக்குகளும் இல்லை, அவற்றின் மேலேயே அடுத்ததைப் பதிவு செய்துவிட்டாராம் ஸ்டூடியோக்காரர்.

"நான் பாத்துக்கறேன் மேடம்" என்றார் ஸ்டூடியோக்காரர். பழைய எபிசோடுகளில் அவள் வேண்டாம் என்று சொன்ன இடத்தைத் தேடி எடுத்து ஒட்டிவிடுகிறாராம். வேறு வழி இல்லாமல் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கணவரோடு உட்கார்ந்து பார்த்தேன். இசை பொங்கியது. பையனின் கையைப் பிடித்தாள். திரும்பிக் கடலைப் பார்த்தாள். "எனக்கு இன்னமும் கடல்..." என்று உருகினாள். அடுத்த நொடி "வேண்டாம்" என்றாள், வெடுக்கென்று.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்தார். "என்ன இவ, இன்னொரு கரண்டி சாம்பார் வேண்டாம்ங்கற மாதிரி சொல்றா?"

அது சாம்பார் அல்ல, வறுத்த மீன். இரண்டாவது சீசனில் பள்ளி கேன்டீனில் தோழி தட்டை நீட்டும்போது சொன்ன வேண்டாம். எழுதியவளுக்குத் தெரியாதா? அதோடு "இன்னமும்" என்பதையாவது மாற்றியிருக்க வேண்டாமா? இன்னமும் கடல் வேண்டாமாம். என்ன தமிழ் அது? என் பெயர் வேறு திரையில் ஓடியது. டிவியை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மதியம் சேனல் பெண் கூப்பிட்டு, நிறையப் பிள்ளைகள் அழுதார்கள், வரவேற்பு பிரமாதம் என்றார். நன்றி என்று சொல்லி வைத்தேன். மாலையில் நம் பெண் கூப்பிட்டாள். அறைத்தோழிகளோடு பார்த்தாளாம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம், அவளும்தான். அப்புறம் கொஞ்ச நேரம் பாத்ரூமுக்குள் போய் உட்கார்ந்திருந்தாளாம்.

"அந்த டேக்கை எனக்கு அனுப்பச் சொல்றீங்களா மேடம்? சும்மா வெச்சுக்கறேன்."

ஸ்டூடியோக்காரரைக் கேட்டேன். ஹார்டு டிஸ்க் நிறைந்துவிட்டது, அழித்துவிட்டேன் என்றார். இதைக் கேட்பேன் என்று முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று என்னையே குறை வேறு சொன்னார். அவரிடம் சண்டை போடத் தெம்பில்லை. அவளைத் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"பரவால்ல மேடம். அது நல்லா வந்துச்சு இல்ல?"

"ரொம்ப நல்லா வந்துது" என்றேன்.