மட்டாஞ்சேரியில் இரண்டு பாட்டில் கொத்தவரைப் பசை

இதில் வருபவை:
1. தேவராவிலிருந்து மட்டாஞ்சேரிக்குப் போகும் வழி.
2. எண்ணெய்க் கிணற்றில் பசைக்கு என்ன வேலை.
3. அன்று பசை சீக்கிரம் நீர்த்ததற்கு வெயிலே காரணம்.
4. கபீர் பாயிடம் மன்னிப்புக் கேட்டது.

போகும்போது பேருந்தில் எழுதிய பட்டியல். மாற்றாமல் விட்டிருக்கிறேன்.

டிசம்பரில் தேவராவில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். குஜராத் எண்ணெய்க் கிணறுகளில் என்னோடு வேலை பார்த்த கபீர் பாய் மட்டாஞ்சேரியில் இருப்பதாகத் தெரிந்தது. என் அறிக்கையால் பதவி உயர்வை இழந்தவர். தயங்கித் தயங்கி ஃபோன் செய்தேன். "வாங்க சாரே" என்றார், அவ்வளவுதான்.

காலை 9.10க்குப் பேருந்து. தோப்பும்படி வரை 13 ரூபாய். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 60. ஓட்டுநர் தேனிக்காரர். "இந்தச் சந்துல வண்டி போனா திரும்பாது ஐயா, நடந்துருங்க" என்று இறக்கிவிட்டார். சுக்கு மணக்கும் கிடங்குகளைத் தாண்டி நடந்தேன்.

கொத்தவரை விதைப் பசையைத் தண்ணீரில் கரைத்து, மணலோடு கிணற்றுக்குள் அழுத்துவோம். பாறை பிளக்கும், பிளவு மூடாமல் மணல் தாங்கும். பிறகு பசையின் நீளச் சங்கிலிகள் அறுந்து, நீராகி வெளியேற வேண்டும். அதற்கும் ஒரு மருந்து கலப்போம். முன்னதாகவே அறுந்தால் மணல் வழியிலேயே படிந்து கிணறு அடைபடும். ஒரு நாள் அப்படி அடைபட்டது. கபீர் மருந்தைக் கூட்டிவிட்டதாக எழுதினேன்.

அதற்கு முன் எவ்வளவு நல்ல நாட்கள்! குவளையைச் சாய்த்து, நாக்குபோல் தொங்கும் பசையைச் சிந்தாமல் உள்ளே இழுத்துக் காட்டுவார் கபீர். நாங்கள் கைதட்டுவோம்.

"தப்பு உங்களுடையது இல்லை பாய். வெயில்தான். மன்னிக்கணும்" என்றேன், அவர் வீட்டில் உட்கார்ந்ததும்.

"இத்தனை வருசம் யோசிச்சு வெயிலா? பெரிய கெமிஸ்டாக்கும்!" என்று சிரித்து, இரண்டு பாட்டில்களை எடுத்து வைத்தார். அவர் மகன் குல்ஃபி செய்கிறவர். அதைக் கெட்டியாக்க வீட்டில் கொத்தவரைப் பொடி உண்டு.

"நேத்து நீங்க ஃபோன் வெச்சதும் கரைச்சேன். இது கொதிக்க வெச்ச வெள்ளம். அது மொட்டைமாடி டேங்க் வெள்ளம். ரெண்டும் நிழல்லதான் இருந்துச்சு. மருந்து ஒரு சொட்டு இல்ல."

சாய்த்தார். முதலாவது கஞ்சிபோல் மெல்ல நகர்ந்தது. இரண்டாவது தண்ணீராக ஓடியது, புளித்த வாடை. கிருமிகள் தின்றிருந்தன.

"அன்னைக்குக் கிணத்துக்கிட்ட இருந்த தண்ணி டேங்க்கைக் கழுவட்டான்னு கேட்டேன். என்ன சொன்னீங்க சாரே?"

நினைவு வந்தது.

"சாயா ஆறுது, குடிங்க. என்னைப் பத்தி எழுதினீங்கல்ல? இதையும் எழுதுங்க."

போகிறவர்கள் பத்து மணிக்குள் போய்விடுங்கள்; பிறகு சந்துகளில் லாரிகள் அடைத்துக்கொள்ளும். தொப்பி அவசியம்.

மூன்றாவதாக எழுதியது தவறு. காரணம் கழுவாத தொட்டி. கழுவ நேரமில்லை என்று சொன்னவன் நான்.