நான் கொடுக்காத இரண்டு அனுமதிகள்

சவூதியில் வேலைக்குச் சேர்ந்த அன்று கேட்டார்களே என்று பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். திரும்ப வாங்க மூன்று வருடம் ஆனது. அதிலிருந்து யார் எதைக் கேட்டாலும் முடியாது என்பதுதான் என் முதல் பதில்.

கறம்பக்குடிக்குத் திரும்பி வந்த பிறகும் நாள் முழுக்க போனிலேயே கிடந்தேன். பார்த்துப் பார்த்து வெறுத்துப்போன மனைவி, போன் பார்க்கும் நேரத்தைக் குறைக்கும் ஆப் ஒன்றை ஏற்றச் சொன்னாள். ஏற்றினேன். எதில் எவ்வளவு நேரம் இருக்கிறேன் என்று பார்க்க ஓர் அனுமதி கேட்டது. நேரம் முடிந்ததும் வீடியோவின் மேல் வந்து திரையை மறிக்க இன்னொன்று கேட்டது. திருட்டுப் பயல்கள் என்று திட்டிக்கொண்டே இரண்டையும் மறுத்தேன். ஒரு வாரம் கழித்தும் நான் போனையே தொடாதவன் போல அது பூஜ்யம் என்றே காட்டியது.

"இது ஒண்ணுத்துக்கும் ஒதவாது" என்று அவளிடம் எரிந்து விழுந்தேன்.

மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "பாக்கவும் விடமாட்டீங்க, மறிக்கவும் விடமாட்டீங்க. அப்பறம் அது எதத்தான் செய்யும்?" என்றாள். அடுத்த மீனை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "அங்கிட்டு சவூதில இருந்தப்பவாச்சும் அந்தப் போன்ல என் மொகத்தப் பாத்தீங்க."