மான் சுட ஒரு விண்ணப்பம்

வனவிலங்கு (பாதுகாப்பு) சட்டம், 1972, பிரிவு 11. இரண்டாம் அட்டவணையில் உள்ள ஒரு விலங்கு மனித உயிருக்கோ, நிலத்தில் நிற்கும் பயிர் உட்பட உடைமைக்கோ ஆபத்தாகிவிட்டது என்று உரிய அலுவலர் கருதினால், காரணத்தை எழுத்தில் பதிந்து, குறிப்பிட்ட பகுதிக்குள் அதை வேட்டையாட எவருக்கும் அனுமதி அளிக்கலாம். புள்ளிமான் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அளிக்கலாம் என்றுதான் எழுதியிருக்கிறது, அளிக்க வேண்டும் என்று எழுதவில்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் அளித்தாலும் மறுத்தாலும் ஏதாவது ஒன்றை எழுதி அனுப்ப வேண்டும். பேசாமல் உட்கார்ந்திருக்கலாம் என்று அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை. நான் முழுவதும் படித்திருக்கிறேன்.

வேலைக்காலம் முழுவதையும் இந்தத் தீவுகளின் துறைமுகத்தைப் பார்த்த ஓர் அலுவலகத்தில் கோப்புகளோடு கழித்துவிட்டு, இப்போது மரைன் ஹில்லில் ஓய்வூதியத்தில் இருக்கிறேன். ஒரு காகிதம் எந்த மேசையில் படுக்கும், யார் தட்டினால் எழுந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்து ஒரு பயனும் இல்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் மனைவியின் தம்பி பாராடாங் தீவுப் பக்கம் ஒரு குடியேற்றத்தில் இருக்கிறான். ராமநாதபுரத்திலிருந்து சாலை வேலைக்கு வந்து, தினக்கூலியாகவே காலம் தள்ளி, முதுகு போன பிறகு தன் பெயரில் உள்ள ஒரு துண்டு நிலத்தில் காய்கறி போட்டான். வெண்டை, கொத்தவரை, பாகல், ஓரத்தில் வாழை, நடுவே பாக்குக் கன்றுகள். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வாடி வரும் முட்டைக்கோஸைத் தின்று அலுத்தவர்கள் அவன் கூடையைக் கண்டால் விடமாட்டார்கள். அவன் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தத் தோட்டத்தால்தான். வேறு வரும்படி கிடையாது.

தோட்டத்துக்குப் போகத் தரை வழியாக ஒரே பாதை. குடியேற்றத்துக்கும் நிலத்துக்கும் நடுவே ஒரு காட்டுப்பட்டை கிடக்கிறது. அதற்குள் ஓர் ஒற்றையடித் தடம். அந்தக் குடியேற்றம் உண்டான காலத்திலிருந்து ஜனங்கள் நடக்கும் தடம். நிலத்தின் மறுபக்கம் அலையாத்திக் காடும் உப்பங்கழியும்.

மான் இந்தத் தீவுகளின் பிராணி அல்ல. வெள்ளைக்காரர்கள் தங்கள் துப்பாக்கிக்கு வேலை வேண்டும் என்று கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள். அதைத் தின்ன ஒரு சிறுத்தையையும் கொண்டுவந்திருக்கலாம், தோன்றவில்லை போலிருக்கிறது. அவர்கள் போய்விட்டார்கள், மான் பெருகிவிட்டது. சுற்றுலா வருபவர்கள் அதற்கு பிஸ்கட் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். என் மைத்துனன் தோட்டத்தில் அது இரவில் வந்து குருத்துகளை மட்டும் தேர்ந்து கடித்துவிட்டுப் போகும். பழைய மீன்வலை கட்டிப் பார்த்தான், சேலை கட்டிப் பார்த்தான், தகரம் தட்டிப் பார்த்தான். மானுக்குத் தகரம் பழகிவிட்டது. அக்கம்பக்கத்தார்தான் தூக்கம் போயிற்று என்று சண்டைக்கு வந்தார்கள்.

அங்கே மற்றவர்கள் செய்வது கண்ணி. ஸ்கூட்டர் பிரேக் கம்பியை உருவிச் சுருக்குப் போட்டு மான் தடத்தில் கட்டிவிடுவார்கள். விழுந்தது விடிவதற்குள் பங்காகிவிடும். பங்கு எந்தெந்த அதிகாரி குவார்ட்டர்ஸ் வரை போகிறது என்பது அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

"கண்ணி வச்சா ஒரே ராத்திரில முடிஞ்சிரும், அத்தான்" என்றான் மைத்துனன். "எல்லாரும் அதானே பண்றாக."

"நீ பண்ண வேணாம், மாப்ளே. சட்டத்துல வழி இருக்கு" என்றேன்.

விண்ணப்பத்தை நானே தயாரித்தேன். சர்வே எண், வரைபடம், கடிபட்ட செடிகளின் படங்கள், ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரான பிரதானின் சான்று, துப்பாக்கி உரிமம் உள்ள ஒருவரின் சம்மதம், அவருடைய உரிமத்தின் நகல். பிரிவு 39-இன்படி செத்த மான் அரசின் சொத்து என்பதால், உடலை ஒப்படைப்போம் என்று ஓர் உறுதிமொழியும் சேர்த்தேன். மைத்துனனின் பக்கத்து வீட்டு வங்காளிக்காரர் இந்தக் கட்டைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "ஹிரன் கோ பீ காப்பி பேஜோகே க்யா, தாதா?" என்றார். மானுக்கும் ஒரு நகல் அனுப்புவீர்களா, அண்ணா, என்று அவருக்குச் சந்தேகம். மைத்துனன் கையெழுத்துப் போட்டான். நான் வனத்துறைத் தலைமை அலுவலகத்தில் கொடுத்தேன். அது பொங்கல் முடிந்த சமயம்.

பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன், நேரிலும் போனேன். அலுவலர் டூரில் இருந்தார். அடுத்த முறை மீட்டிங்கில் இருந்தார். அதற்கடுத்த முறை சீட்டிலேயே இருந்தார். கோப்பு டூரில் இருந்தது. உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், என் ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறதா என்று விசாரித்தார். மானைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

மழை பிடித்த சமயத்தில் அந்தக் காட்டுப்பட்டைக்குள் ஒரு மான் கண்ணியில் மாட்டிச் செத்துக் கிடந்தது. யார் வைத்த கண்ணியோ, மழையில் போய்ப் பார்க்காமல் விட்டுவிட்டார்கள். நாற்றம் எடுத்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. மறுநாள் வனத்துறையின் ரேஞ்ச் ஆட்கள் வந்தார்கள். அந்தக் குடியேற்றத்தில் எத்தனையோ வீடுகள். ஒரு வீட்டுக் கதவையும் தட்டாமல் நேராக என் மைத்துனன் வீட்டுக்குப் போனார்கள். கையில் எங்கள் விண்ணப்பத்தின் நகல் இருந்தது. தலைமை அலுவலகத்தில் நான் தேடித் தேடிக் கிடைக்காத காகிதம் கழியைத் தாண்டி அவ்வளவு தூரம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

விடிகாலை பஸ்ஸைப் பிடித்து, காட்டுச் சாலையில் வண்டிகளை நேரம் வைத்து மொத்தமாக விடும் கான்வாயில் காத்திருந்து, ஃபெர்ரி ஏறிப் போய்ச் சேர்ந்தேன். ரேஞ்ச் அலுவலர் தமிழர். மரியாதையாகத்தான் பேசினார்.

"சார், நீங்களே ஆபீஸ் பாத்தவங்க. இந்த ஏரியாவுல மானைக் கொல்லணும்னு எழுத்துல இருக்கிற ஒரே ஆள் உங்க மச்சான்தான்."

"கொல்றவன் உங்ககிட்ட வந்து பர்மிஷன் கேப்பானா?"

"கேக்க மாட்டான். அது எனக்கும் தெரியும் சார். ஆனா ஃபைல்ல வேற பேரு இல்லையே. மேல கேட்டா நான் யாரைக் காட்டுறது?"

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. வாக்குமூலம் எழுதி வாங்கினார்கள். வீட்டைப் புரட்டினார்கள். கண்ணியும் இல்லை, கத்தியும் இல்லை, இருந்ததெல்லாம் வெண்டை விதை. வழக்குப் போட ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று எழுதி முடித்திருந்தால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். விசாரணை நிலுவையில் இருக்கிறது என்று எழுதினார்கள். நிலுவையில் இருக்கும்வரை காட்டுக்குள் யாரும் போகக்கூடாது என்று தடத்தின் வாயில் கம்பம் நட்டு, சங்கிலி போட்டு, பூட்டினார்கள். மற்றவர்கள் நிலமெல்லாம் சாலைப் பக்கம். அந்தத் தடத்தை நம்பியிருந்தது என் மைத்துனன் ஒருவன்தான்.

மானைச் சுட அனுமதி கேட்டவன் இனித் தன் நிலத்துக்கு நடக்க அனுமதி கேட்க வேண்டும். கேட்டோம். பொதுமக்கள் காலங்காலமாக நடக்கும் வழி என்பதற்குப் பழைய நில வரைபடத்தையே இணைத்தேன். அதில் அந்தத் தடம் புள்ளிக்கோடாக இருக்கிறது. ரேஞ்சில் கேட்டால், தலைமை அலுவலகத்தில் உள்ள மான் கோப்பு முடியட்டும் என்றார்கள். தலைமை அலுவலகத்தில் கேட்டால், ரேஞ்ச் விசாரணை முடியட்டும் என்றார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். அதற்கு மட்டும் பதில் ஓடோடி வந்தது: பிரிவு 8(1)(h), விசாரணைக்கு இடையூறாகும், தர இயலாது. மேல்முறையீடு செய்தேன். மேல்முறையீட்டு அலுவலர் டூரில் இருந்தார்.

சங்கிலிக்கு அடியில் மான் குனிந்துகூடப் போக வேண்டியதில்லை. பக்கத்தில் எங்கும் வேலி கிடையாது, அந்த வாயில் மட்டும்தான். மனிதனும் சுற்றிப் போகலாம்தான். மற்ற யாராவது போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. விசாரணையில் இருப்பவன் போனால் அது அத்துமீறல், அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அதையும் நான்தான் அவனுக்குச் சொன்னேன்.

ஆகவே அவன் கழி வழியாகப் போனான். டிங்கி என்கிற ஒரு சின்னப் படகைக் கேட்டு வாங்கி, கடல் ஏற்றத்தில் போய் அடுத்த ஏற்றத்தில் திரும்பினான். முதலை உள்ள கழி என்று எல்லோருக்கும் தெரியும். மழைக்காலம் பாதிவரை பாகற்காயும் வாழையும் இப்படித்தான் வந்தன. ஒரு நாள் கரையில் கிடந்த மரம் என்று அவன் நினைத்தது வாலை அடித்துத் தண்ணீரில் இறங்கி டிங்கியின் அடியில் உரசியது. டிங்கி கவிழவில்லை. அவன் வீடு வந்து சேர்ந்தான். அவன் மனைவி அன்றே துடுப்பைக் கொண்டுபோய் யார் வீட்டிலோ ஒளித்துவிட்டாள்.

செய்தி கேட்டு என் மனைவி என் மேசைக்கு எதிரே வந்து நின்றாள். நான் ஆறாவது நினைவூட்டலை எழுதிக்கொண்டிருந்தேன்.

"என் தம்பிய முதலைக்குக் கொடுத்துட்டு நீங்க சர்வே நம்பர் எழுதிக்கிட்டு இருங்க" என்றாள். பிறகு, "அதுலயாவது கேளுங்க, முதலை இவன தின்னா எந்தப் பிரிவுன்னு" என்றாள்.

அதற்கும் பிரிவு இருக்கிறது.

அதற்குப் பின் மைத்துனன் தோட்டத்துக்குப் போகவில்லை. துடுப்பைக் கேட்கவும் இல்லை. ஃபெர்ரி துறையில் மூட்டை இறக்கும் இடத்தில், போன முதுகோடு, கூப்பிட்டால் போகிறான். தீபாவளிக்குப் போனபோது அவன் வீட்டில் கப்பலில் வந்த முட்டைக்கோஸ் பொரியல். சாப்பிட்டு முடித்து, கை கழுவப் போகும் வழியில் நின்று, கோபமே இல்லாமல் சொன்னான்:

"கண்ணி வச்சவன் தோட்டமெல்லாம் பச்சையாத்தான் இருக்கு, அத்தான்."

நான் திட்டு வாங்கத் தயாராக வந்திருந்தேன். இதற்குத் தயாராக இல்லை. திரும்பி வரும்போது கான்வாயில் முன்னால் நின்ற வண்டிகளையெல்லாம் மனசுக்குள் வைதுகொண்டு வந்தேன். ஒருவனைச் சட்டப்படி நடக்க வைத்தேன். சட்டம் அவனைத் தேடி வந்தது, அவனை மட்டும் தேடி வந்தது. கம்பி வைத்தவனுக்கு ஒரு நோட்டீஸ்கூட இல்லை. ஏனென்றால் அவன் முகவரி தரவில்லை.

மார்கழியில் ஒரு நாள் அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து, பூட்டைத் திறந்து, தடம் வழியாகவே நடந்துபோய் நிலத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி பூட்டிவிட்டுப் போனதாக வங்காளிக்காரர் சொன்னார். மைத்துனனுக்குத் தகவல் தரவில்லை. அவன் அப்போது துறையில் சிமெண்ட் இறக்கிக்கொண்டிருந்தான். அவர்கள் பார்த்தபோது அங்கே என்ன இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்: முழங்கால் உயரப் புல், பட்டை உரித்த பாக்குக் குச்சிகள், மான் புழுக்கை.

பதிவு அஞ்சலில் பதில் வந்தது. விண்ணப்பதாரருக்கு, வழி என் முகவரி. கோப்பு எண் சரியாக இருந்தது, பார்வையில் என் கடிதங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன, மொழி பிசகில்லாமல் இருந்தது. நானே எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன். குறிப்பிட்ட நிலம் நேரில் ஆய்வு செய்யப்பட்டது. ஆய்வின்போது அங்கு பயிர் ஏதும் காணப்படவில்லை. ஆகவே பயிருக்கு ஆபத்து என்ற நிலை எழவில்லை. விண்ணப்பம் முடித்து வைக்கப்படுகிறது. தடத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

தபால்காரர் நீட்டிய அட்டையில் கையெழுத்துப் போட்டு, கீழே தேதியும் போட்டேன். குடியரசு தினத்துக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை.