பேருக்குச் சிவப்பு ஆகாது

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நாலு நான் பெற்றது, இரண்டு என் தங்கச்சி விட்டுப்போனது. எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஆனாலும் மலேசியாவில், கிள்ளான் பக்கம் பண்டமாரானில் ஒரு லோரிக் கம்பெனியில், கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான். கம்ப்யூட்டர் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

1. பச்சைத் திரை

எண்பதுகளின் கடைசி. நான் அங்கே தரை துடைக்கத்தான் சேர்ந்தேன். தினமும் இருபத்திரண்டு லோரிகள் கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு கப்பல் நிற்கும் போர்ட்டுக்குப் போகும். பலகையில் சாக்பீஸால் எழுதியிருப்பதைப் பார்த்து, ஆபீஸ் கிளார்க்கான கிராணி மைக்கில் டிரைவர்களைக் கூப்பிடுவார். பிறகு சீன முதலாளி, நாங்கள் தவுக்கே என்போம், கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்குப் புரோகிராம் எழுத பிரிக்பீல்ட்ஸிலிருந்து வசந்தி வந்தாள். முப்பது வயது இருக்கும்.

அப்போது திரையில் படமும் கிடையாது, மவுசும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு கட்டளையை அடித்தால் டிரைவர் பேர், லோரி நம்பர், நேரம் என்று வரிவரியாக வந்து விழும். எல்லாம் ஒரே பச்சை. டிரைவர்கள் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பார்கள்.

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. இதுல என் பேரு எங்க?" என்று கேட்டார் டிரைவர் முனியாண்டி.

வசந்தி கலர் திரை வாங்க வைத்தாள். புறப்படலாம் என்றால் பச்சை, காத்திரு என்றால் மஞ்சள், லேட் என்றால் சிவப்பில் மினுக்கும். எனக்கு நம்பர் தெரியும், இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. பேர்களை உருவத்தை வைத்து அடையாளம் பிடித்துவிட்டேன். ஒருநாள் துடைப்பத்தோடு நின்றபடியே, "முனியாண்டி லேட்டு, ஆ செங் போகலாம்" என்று சொன்னேன். தவுக்கே உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். கிராணி வேறு வேலைக்குப் போயிருந்த சமயம்.

"இனிமே நீயே கூப்பிடு லா" என்றார். மைக் வந்தது. நாற்காலியும் வந்தது.

இந்தக் கலரெல்லாம் எப்படி வருகிறது என்று வசந்தியிடம் கேட்டேன்.

"அதுக்குன்னு ஒரு லைப்ரரி எழுதி வெச்சிருக்கேன் அக்கா."

நான் அலமாரியைத் தேடினேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"புக்கு இல்லக்கா. கலர் குடு, கட்டம் போடு, மினுக்குன்னு திரைக்குச் சொல்ற வேலைய ஒரே இடத்துல எழுதியாச்சு. எந்த புரோகிராம்னாலும் அங்கேருந்து எடுத்துக்கும்."

"அரைச்சு வெச்ச மிளகா மாதிரி. மீனுக்கும் அதான், கோழிக்கும் அதான்."

"அதேதான்க்கா" என்றாள். எனக்கு விளங்கிவிட்டது.

2. சாவி மேசைக்கு வந்தது

நான் நாற்காலியில் உட்கார்ந்த மூன்றாம் நாள், சீன டிரைவர் ஆ செங்கின் பேர் சிவப்பில் மினுக்கியது. கூப்பிட்டேன். அவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். உள்ளே வந்து லோரிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டார். அவர் மலாயில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"தா போலே லா, முடியாது அக்கா. என் பேரச் சிவப்புல எழுதிட்டீங்க. எங்க ஆளுங்களுக்கு அது சாவு. இன்னிக்கி நான் ஓட்ட மாட்டேன்."

அடுத்தடுத்து இன்னும் எட்டு சீன டிரைவர்கள் சாவியை வைத்தார்கள். தவுக்கே உள்ளறையில் பேப்பர் லிஸ்ட்டை மட்டும் பார்ப்பவர், அதில் எல்லாம் கறுப்பு எழுத்து. வெளியே வந்து திரையைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது.

"நாலு மணிக்குள்ள கன்டெய்னர் எல்லாம் போர்ட்டுக்குள்ள இருக்கணும். இல்லன்னா கப்பல் போயிரும். அப்புறம் இந்தப் பொட்டிய மூடிட்டு பலகைக்கே போயிருவேன்" என்றவர் என்னைப் பார்த்து, "நீ பழையபடி தரையத் தொடைக்கப் போ" என்றார்.

பலகையில் கையால் கிறுக்கும் எழுத்தை என்னால் அடையாளம் பிடிக்க முடியாது. கலர் இருந்தால்தான் எனக்கு நாற்காலி.

வசந்தி அவசரமாகச் சிவப்பை எடுத்துவிட்டு, லேட்டான பேரைச் சுற்றிக் கட்டம் போட்டாள். இத்தனை கூத்தில் முனியாண்டியும் லேட். அதுவரை சீனர்களைக் கேலி செய்துகொண்டு நின்றவர், தன் பேரைப் பார்த்தார்.

"என்னாம்மா இது, பேப்பர்ல கண்ணீர் அஞ்சலி போட்ட மாதிரி. என் பொண்டாட்டி பாத்தா தாலியத் தொட்டுப் பாப்பா."

அவர் சாவியும் மேசைக்கு வந்தது. மற்றத் தமிழ் டிரைவர்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

3. லோரிக்கு ஆகும்

மணி ஒன்றரை. நான் ஒன்று கவனித்தேன். என்ன செய்தால் போவாய் என்று அதுவரை யாரும் டிரைவரைக் கேட்கவில்லை. நான் மைக்கை வைத்துவிட்டு எழுந்து போனேன்.

"ஆ செங், பேருக்குத்தான சிவப்பு ஆகாது? லோரிக்கு ஆகுமா?"

அவர் யோசித்தார். "லோரிக்கு என்னா. அது செத்தா தவுக்கே வேற வாங்குவாரு."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள், தவுக்கேயைத் தவிர.

"வசந்தி, பேர விட்டுரு. லோரி நம்பர மட்டும் சிவப்பாக்கு" என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. கேட் லிஸ்ட், டீசல் லிஸ்ட், ஒர்க்ஷாப் லிஸ்ட் என்று ஏழெட்டுப் புரோகிராம்கள். "எல்லாத்தையும் மாத்தணுமே, நாலு மணிக்குள்ள ஆகுமா?"

"ஒரே இடம்க்கா" என்றாள்.

லேட்டான வரியை எப்படிக் காட்டுவது என்பதும் அந்த லைப்ரரியில்தான் இருந்திருக்கிறது. அங்கே மாற்றி, அது எல்லாவற்றிலும் ஏறும்படி புரோகிராம்களை மறுபடி கம்பைல் செய்தாள். ஒரு கோப்பித்தண்ணி குடிக்கிற நேரம்தான். எந்த லிஸ்ட்டைக் கூப்பிட்டாலும் பேர் சாதாரணமாக வந்தது, லோரி நம்பர் சிவப்பில் மினுக்கியது. எனக்குப் பிள்ளை பிறந்த மாதிரி இருந்தது.

ஆ செங் கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்தார். சாவியை எடுத்துக்கொண்டார்.

"ஓகே லா, அக்கா. லோரிதான் லேட்டு, நான் இல்ல."

அன்றைக்கு நான் கூப்பிட்ட கூப்பாடு கிள்ளான் வரைக்கும் கேட்டிருக்கும். கடைசிக் கன்டெய்னர் போர்ட் கேட்டைத் தாண்டியபோது நாலு அடிக்கப் பத்து நிமிடம். தவுக்கே ஆளை விட்டுப் பலகையைக் கழற்றி ஸ்டோருக்கு அனுப்பினார்.

பதினோரு வருசம் அந்த நாற்காலியில் இருந்தேன். கலரும் கட்டமும் போடும் பிள்ளைகளே, அதை ஒரே இடத்தில் எழுதி வையுங்கள், மாற்றவேண்டி வரும். அதற்கு முன்னால், பார்க்கப்போகிறவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள்.

யாழினி, இங்கே வா கண்ணு. பாட்டி எழுதியதை முதலிலிருந்து எனக்குப் படித்துக் காட்டு. எழுத்துப் பிழை இருந்தால் திருத்து, ஆ செங் பேசியதைத் திருத்தாதே.