எதிர்க்கதவு திறந்துள்ளது

இதைப் படிக்க ராத்திரி வரை காத்திருக்க வேண்டாம். நடந்தது பட்டப்பகலில். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி முப்பத்தொரு நிமிடம். நிமிடம் வரை எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். மெஷின் அச்சடித்துக் கொடுத்த தாள் இருக்கிறது. அந்த மாதிரித் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும் என்பதால் கோமளா அதைச் செராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறாள். சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிற ஆள் இல்லை அவள். "நம்பினா நம்பு, நம்பாட்டிப் போ" என்பாள். ஆனால் அதைச் சொல்லும்போது முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொள்வாள்.

கோமளாவுக்கு முப்பத்தாறு வயது. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் போகிற வழியில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரி; பெயர் வேண்டாம். அங்கே ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, கிருமி நீக்கி, மறுபடி தியேட்டருக்கு அனுப்புகிற பிரிவில் அவள் டெக்னீஷியன். அந்தப் பிரிவு ஒன்று இருக்கிறது என்பதே நோயாளிகளுக்குத் தெரியாது. கோமளாவும் நோயாளிகளைப் பார்த்ததில்லை. அவள் பார்ப்பதெல்லாம் அவர்கள் உடம்புக்குள் போய்விட்டு வந்த இரும்பைத்தான்.

அந்த இடம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அன்று நடந்தது விளங்கும்.

இரண்டு அறைகள். நடுவில் ஒரு சுவர். ஒன்று அழுக்குப் பக்கம்: ரத்தத்தோடு வரும் கருவிகளை அங்கே கழுவுவார்கள். மற்றது சுத்தப் பக்கம்: கிருமி நீக்கிய பொட்டலங்கள் அலமாரியில் இருக்கும். இரண்டுக்கும் இடையே கதவு கிடையாது. சுவருக்குள் பதித்த ஆட்டோகிளேவ் மட்டும்தான் வழி. அது பீரோ அளவு நீராவி மெஷின். அதற்கு முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. அழுக்குப் பக்கக் கதவு வழியாகப் பொட்டலம் உள்ளே போகும். நூற்று முப்பத்து நான்கு டிகிரியில் வெந்து, சுத்தப் பக்கக் கதவு வழியாக வெளியே வரும். திரும்பிப் போகாது. ஒரு கதவு திறந்திருந்தால் மற்றது திறக்காது; மெஷினே விடாது. தரச்சான்று கொடுக்க வரும் குழு முதலில் சோதிப்பது அதைத்தான். இரண்டு பட்டனையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பார்ப்பார்கள்.

காற்றுக்கும் ஒரு வழிதான். சுத்தப் பக்கத்தில் காற்றழுத்தம் சற்றுக் கூடுதலாக இருக்கும். வெளிக்காற்று உள்ளே வராமல் உள்காற்று வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அது ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க, அந்த அறையின் வாசல் கதவுக் கம்பி வலையில் மெல்லிய காகித நாடா ஒன்றைக் கட்டியிருந்தாள் கோமளா. நாடா எப்போதும் வெளிப்புறம் பார்த்துப் பறக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஒருத்திதான் இரண்டு பக்கமும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக, தாழ்வாரத்தைச் சுற்றி, செருப்பு மாற்றி, கவுன் மாற்றி, கை கழுவிக்கொண்டு போக வேண்டும்.

அன்று மதியம் 1.10க்குத் தியேட்டரிலிருந்து இன்டர்காம். ஸ்டாஃப் நர்ஸ் வித்யா.

"அக்கா, காட்டூர்லேருந்து ஒரு கேஸ் வந்துக்கினு இருக்குது. கலைவாணின்னு பேரு, தலைச்சன் புள்ள. புள்ளைக்கு ஹார்ட்பீட் எறங்குதாம். சிசேரியன்தான். செட்டு வேணும்."

"காலையில யூஸ் பண்ண செட்டு இப்பதான் கழுவ எடுத்தேன் சிஸ்டர்."

"கல்யாணப் பொண்ணுக்கு அலங்காரம் பண்றாப்ல பண்ணிக்கினு இருக்காதக்கா. ரெண்டரைக்குள்ள குடு."

ஆஸ்பத்திரியில் சிசேரியன் செட் மொத்தம் இரண்டு. ஒன்று கத்தரிக்கோல் சாணை பிடிக்கச் சென்னைக்குப் போயிருந்தது. மிச்சம் இந்த ஒன்று. பதினெட்டுக் கருவிகளும், ரத்தத்தை உறிஞ்சி எடுக்கிற இரும்புக் குழாய் ஒன்றும்.

கருவிகளை நொதி கலந்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறப்போட்டாள். கீல்களைத் திறந்து தேய்த்தாள். கடைசியில் அந்தக் குழாய். அதற்குள் நீளமான மெல்லிய பிரஷை விட்டு மறுமுனையில் வெளியே வரும்வரை இழுக்க வேண்டும். பிரஷ் மயிரெல்லாம் கொட்டி வெறும் கம்பியாக இருந்தது. புதுசு ஸ்டோரில் இருக்கிறது; சாவி ஸ்டோர் பார்க்கிற ஜெரோமிடம்; ஜெரோமுக்கு ஞாயிறு லீவு. குழாய்க்குள் வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சினாள். மறுமுனையில் தெளிவாகத்தான் வந்தது. தாளில் 'குழாய் பிரஷ் செய்யப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் போட்டாள்.

ஒரு டிக்தான்.

அழுக்கு ஒட்டியிருந்தால் அதற்கு அடியில் நீராவி நுழையாது. அது கோமளாவுக்கு நன்றாகத் தெரியும். சூடு ஏறும், பொட்டலத்தின் மேல் ஒட்டிய பட்டையில் கறுப்புக் கோடு விழும், எல்லாம் சரி என்று காகிதம் சொல்லும். குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று காகிதத்துக்குத் தெரியாது.

1.46. பொட்டலத்தை மெஷினுக்குள் வைத்துக் கதவை மூடினாள். கழுவும் அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டாள். சுற்றிக்கொண்டு சுத்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

மெஷின் காற்றை உறிஞ்சியது. நீராவியை விட்டது. மறுபடி உறிஞ்சியது. பழகிய சத்தம், அந்தச் சத்தத்தில் அவளுக்குத் தூக்கம்கூட வரும்.

2.09. நாடா பறக்கவில்லை.

ஏசி நின்றுவிட்டதோ என்று பார்த்தாள். ஓடுகிறது. நாடா மெதுவாகத் தூக்கிக்கொண்டது... உள்பக்கமாக. வெளிக்காற்று உள்ளே வருகிறது என்று பொருள். அந்த அறையில் எந்த வாசனையும் இருக்கக் கூடாது, இருந்ததும் இல்லை. இப்போது இருந்தது.

கருவாட்டு வாசனை.

2.17. சுவருக்குள் தண்ணீர்க் குழாய் சொர்ர்ரென்றது. அழுக்குப் பக்கம் யாரோ குழாயைத் திறந்திருக்கிறார்கள். கூட்டுகிற அம்மாவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அப்புறம் கையைப் பைக்குள் விட்டாள்.

சாவி இருந்தது.

2.31. மெஷின் பீப் அடித்தது. எல்லாம் முடிந்தது. தாள் வெளியே வந்தது. வெப்பம் சரி, அழுத்தம் சரி, நேரம் சரி. கதவு பட்டனை அழுத்தினாள்.

திறக்கவில்லை.

மறுபடி அழுத்தினாள். உள்ளே தடக்கென்று ஒரு சத்தம். கூடை தண்டவாளத்தில் நகரும் சத்தம். அவள் பக்கம் வரவில்லை. அந்தப் பக்கம் போனது.

2.33. திரையில் சிவப்பு எழுத்து.

எதிர்க்கதவு திறந்துள்ளது.

கொதித்து முடித்த மெஷினில் அழுக்குப் பக்கக் கதவு திறக்கவே திறக்காது. பத்து வருடத்தில் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை.

இன்டர்காம் அடித்தது. "அக்கா, செட்டு இன்னாச்சு? பொண்ண டேபிள்ல ஏத்தியாச்சு."

"கதவு... ஸ்டக் ஆயிடுச்சு சிஸ்டர். அஞ்சே நிமிசம்."

ஓடினாள். செருப்பு மாற்றவில்லை, கவுன் மாற்றவில்லை. தாழ்வாரத்தில் ஒரு ஆள் இல்லை. கழுவும் அறை பூட்டியபடியே இருந்தது. சாவியைப் போட்டுத் திறந்தாள்.

விளக்கு எரிந்தது. மெஷின் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே காலி.

பொட்டலம் கழுவும் மேடைமேல் இருந்தது. பிரித்திருந்தது. சுற்றியிருந்த துணி நாலாக மடித்து ஓரமாக வைத்திருந்தது. கருவிகள் வரிசையாகப் படுத்திருந்தன. ஆஸ்பத்திரிக்காரர்கள் அப்படி வைக்க மாட்டார்கள். கீலைத் திறந்து தட்டில் வைப்பார்கள். இங்கே ஒன்றின் வாலில் அடுத்ததன் தலை படும்படி, பெரியதிலிருந்து சின்னது வரை, எல்லாத் தலையும் ஒரே திசையில்... லைட்ஹவுஸ் குப்பத்து மணலில் பெண்கள் மீன் காயப்போடுவது போல.

அந்த இரும்புக் குழாய் மட்டும் வரிசையில் இல்லை. தனியாக, அவளைப் பார்த்தபடி.

இரண்டு நிமிடம் முன்னால் மெஷினிலிருந்து வந்தது. தொட்டால் கை வெந்துபோக வேண்டும்.

தொட்டாள். ஐஸ் மாதிரி இருந்தது.

சிரிஞ்சில் தண்ணீர் எடுத்துக் குழாய்க்குள் அழுத்தினாள். தெளிவாக வந்தது. மறுபடி அழுத்தினாள். தெளிவு. மூன்றாவது தடவை ஏதோ அடைத்தது. பலம் கொண்ட மட்டும் அழுத்தினாள்.

வந்தது. கறுப்பாக, புழு மாதிரி, விரல் நீளத்துக்கு.

காலை கேஸில் வந்த ரத்தம் இப்படி இருக்காது. இது பழசு. எத்தனையோ நாள் வெந்து வெந்து இறுகியது.

2.38. இன்டர்காம். அது வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது. பேச வேண்டுமென்றால் கழுவும் மேடைக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும்.

எடுத்தாள்.

"அக்கா! புள்ள ஹார்ட்பீட் தொண்ணூறுக்கு எறங்கிடுச்சி. டாக்டர் கத்துறாரு."

பின்னால் தண்ணீர்க் குழாய் திறந்தது. தானாக.

"இந்தச் செட்டு குடுக்க முடியாது சிஸ்டர்."

"இன்னா சொல்ற நீ?"

பின்னால்... சரக்... சரக்... சரக்... செதில் உரிக்கிற சத்தம்.

"சக்ஷன் குழாய நான் பிரஷ் பண்ணல. டிக் மட்டும் போட்டேன்."

"இன்னிக்கா?"

சரக்... சரக்...

கோமளா கண்ணை மூடிக்கொண்டாள். "இன்னிக்கு மட்டும் இல்ல. ஆவணிலேருந்து."

சத்தம் நின்றது.

கருவாட்டு வாசனை கழுத்துக்குப் பின்னால் வந்து நின்றது. மூச்சு போல. ஈரமாக.

அவள் திரும்பவில்லை.

"சிஸ்டர், கேளு. சுத்தப் பக்கம் கதவு தொறந்துதான் இருக்குது, நீயே வந்து எடுத்துக்கோ. ரெண்டாவது ஷெல்ஃப்ல குடும்பக் கட்டுப்பாடு செட்டு ரெண்டு. நேத்தி லோடு. கீழ தனி ஃபோர்செப்ஸ் பாக்கெட் ஆறு. புது பிளாஸ்டிக் சக்ஷன் தியேட்டர்லயே இருக்குது. அது போதும். ஓடு."

வித்யா ரிசீவரைத் தொங்கவிட்டு ஓடும் சத்தம் கேட்டது.

கோமளா சுவரைப் பார்த்தபடியே நகர்ந்தாள்.

ஒரு அடி.

இன்னொரு அடி.

வாசல்.

வெளியே.

2.52. உள்ளே மெஷின் கதவு மூடிக்கொண்ட சத்தம்.

3.04க்குக் கலைவாணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. முதலில் அழவில்லை. அப்புறம் அழுதது. அந்த அழுகை தாழ்வாரம் வரைக்கும் கேட்டது. அங்கே தரையில் உட்கார்ந்திருந்த கோமளாவும் அழுதாள்.

திங்கள்கிழமை கம்பெனியிலிருந்து சுரேஷ் வந்து மெஷினைப் பிரித்துப் பார்த்தான். ரப்பர், பூட்டு, சென்சார், எல்லாம் சரி. "அக்கா, ப்ரோக்ராம் முடிஞ்சப்புறம் இந்தக் கதவ தொறக்கணும்னா கடப்பாரை வேணும்" என்று சிரித்தான். அப்புறம் மெமரியைப் பார்த்தான். 14:33, அழுக்குப் பக்கக் கதவு திறப்பு. 14:52, மூடல். அவன் சிரிப்பு போய்விட்டது. பில்கூடக் கொடுக்காமல் கிளம்பினான்.

கோமளாவைப் பதினைந்து நாள் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் தொற்றுத் தடுப்புக் கமிட்டி என்று ஒன்று உண்டு, அது கூடியது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும்: எந்தச் செட், எந்த லோடு, யார் கட்டியது. தியேட்டரில் அதைக் கிழித்து நோயாளியின் கேஸ் ஷீட்டில் ஒட்டிவிடுவார்கள். ஏதாவது தப்பு நடந்தால் கருவியிலிருந்து ஆளை, ஆளிலிருந்து கருவியைப் பின்னோக்கித் தேடத்தான் அந்த ஏற்பாடு. ஆவணியிலிருந்து அந்தச் செட் பதினொரு பெண்களுக்குப் போயிருந்தது. எல்லாருக்கும் போன் போட்டார்கள். பத்துப் பேர் எடுத்தார்கள், பத்துப் பேரும் நன்றாக இருந்தார்கள்.

ஒரு நம்பர் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

அமுதவல்லி, வயது இருபத்தாறு, லைட்ஹவுஸ் குப்பம். தொழில் என்ற இடத்தில் 'மீன் காய வைத்தல்' என்று எழுதியிருந்தது.

யாரும் போகச் சொல்லவில்லை. கோமளா போனாள். மழை விட்டிருந்தது. ஃபைபர் படகுகளைக் கரையேற்றிப் போட்டிருந்தார்கள். வாசலில் அமுதவல்லியின் மாமியார் கஸ்தூரியம்மாள் வலை மேல் உட்கார்ந்து கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரியிலேருந்து வரேன்மா. அமுதவல்லி..."

"அவ போய் ரெண்டு மாசம் ஆவுதும்மா. வூட்டுக்கு வந்த எட்டாம் நாளு ஜுரம். மெட்ராஸ்ல ஸ்டான்லி ஆஸ்பத்திரில வெச்சிருந்தோம். ஒடம்பு பூரா வெஷம் ஏறிடுச்சின்னாங்கோ."

அந்தக் குழாய்தான் காரணமா என்று இன்றுவரை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. கோமளா மணலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கடைசி மூணு நாளு நெனவே இல்ல" என்றாள் கஸ்தூரியம்மாள். "ஆனா கை மட்டும் நிக்கல. எதையோ புடிச்சிக்கினு தேய்ச்சிக்கினே இருந்தா. நீட்டமா, குச்சியாட்டம். கையில ஒண்ணும் இல்ல. 'போவல அத்தை, இன்னும் போவல, உள்ள இருக்குது'ன்னா. மீனுடி, வுடுடின்னேன். 'மீனு இல்ல அத்தை, இரும்பு'ன்னா. எங்க வூட்ல ஏதும்மா இரும்பு?"

குழந்தையின் வாயிலிருந்து புட்டியை எடுத்துவிட்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ ஆஸ்பத்திரிக்காரி. உனக்காச்சும் தெரியுமா? அவ இன்னா தேய்ச்சா?"

"தெரியும்மா" என்றாள் கோமளா.